துணிக்கும் ஒரு தோள் வேண்டும்

(மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் துறை)



"என்னப்பா, மூணு வருஷம் மெக்கானிக்கல் படிச்சுட்டு கடைசியில ஹேங்கரா செய்யப் போறீங்க?"

எங்கள் ப்ராஜெக்ட் தலைப்பைப் பார்த்த எல்லோரும் கேட்ட கேள்வி இது. பக்கத்து பேட்ச் சோலார் சைக்கிள் செய்தார்கள். இன்னொரு பேட்ச் தானாக நின்றுபோகும் தண்ணீர் மோட்டார். நாங்கள் நான்கு பேரும் எழுதிக் கொடுத்த தலைப்பு, "அளவு மாற்றக்கூடிய, துணியின் உருவம் கெடாத ஹேங்கர்". உண்மையைச் சொன்னால், எழுதிக் கொடுத்தபோது எங்களுக்கே கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது.

"ஆள் பாதி, ஆடை பாதி" என்கிறோம். அந்தப் பாதியை நாள் முழுக்கத் தாங்கி நிற்பது ஒரு கம்பித் துண்டு. அதைப் பற்றி யாராவது யோசித்தோமா? நான் யோசித்ததற்கு ஒரு காரணம் இருக்கிறது. அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

எண்பத்தைந்து உருப்படி

என் அப்பா திருப்பூரில் இஸ்திரி வண்டி வைத்திருக்கிறார். தெரிந்த வீடுகளுக்குச் சலவையும் செய்து கொடுப்பார். அம்மா ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறார். எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டி வந்த முதல் ஆள் நான்தான்.

நான் முதலாம் ஆண்டு படிக்கும்போது நடந்தது இது. ஊட்டி போய்வந்த ஒரு ஆசிரியை அம்மா தன் உல்லன் ஸ்வெட்டரைச் சலவைக்குக் கொடுத்தார். அப்பா அதை அலசி, பிழிந்து, எல்லாச் சட்டையும் போலக் கம்பி ஹேங்கரில் மாட்டி ராத்திரி முழுக்கக் காயவிட்டார். காலையில் பார்த்தால் இரண்டு தோளிலும் மாட்டுக் கொம்பு மாதிரி இரண்டு முனை! உடம்புப் பகுதி ஒரு சாண் நீண்டு தொங்கியது. கழுத்துக்குப் பின்னால் துருக் கறை வேறு.

அந்த அம்மா சத்தம் போடவில்லை. "இது 850 ரூபாய்ங்க" என்று மட்டும் சொன்னார். அப்பாவிடம் அவ்வளவு பணம் இல்லை. "கணக்குல கழிச்சுக்கறேனுங்க" என்றார். ஒரு உருப்படிக்குப் பத்து ரூபாய். அப்படியானால் 85 உருப்படிகள். காலண்டரில் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டே வந்து, நாலு மாதத்தில் தேய்த்து முடித்தார். அந்தக் கோடுகளை நான் தினமும் பார்த்தேன்.

"தப்பு என்னோடதா, ஹேங்கரோடதா?" என்று அப்பா ஒரு நாள் கேட்டார். அன்று எனக்குப் பதில் தெரியவில்லை. இந்தக் கட்டுரைதான் அந்தப் பதில்.

ஹேங்கரின் கதை

துணி மாட்டும் கொக்கிக்கு அமெரிக்காவில் 1869-லேயே ஓ.ஏ. நார்த் என்பவர் பேட்டன்ட் வாங்கியிருக்கிறார். இன்று நாம் பார்க்கும் கம்பி ஹேங்கருக்கு ஆல்பர்ட் பார்க்ஹவுஸ் என்ற தொழிலாளியின் பெயரைச் சொல்கிறார்கள். மிச்சிகன் மாநிலத்தில் ஜாக்சன் என்ற ஊரில், கம்பிச் சாமான்கள் செய்யும் கம்பெனி ஒன்றில் அவர் வேலை பார்த்தார். 1903-ல் ஒரு நாள் காலையில் வேலைக்கு வந்தவர் தன் கோட்டை மாட்டப் போனார். கொக்கி எதுவும் காலியாக இல்லை. கையில் கிடைத்த கம்பியை வளைத்து, இரண்டு பக்கமும் தோள் மாதிரி செய்து, நடுவில் முறுக்கிக் கொக்கியாக்கிக் கோட்டை மாட்டிவிட்டு வேலைக்குப் போய்விட்டாராம். பேட்டன்ட் அவர் பேரில் எடுக்கப்படவில்லை. அவருக்குப் பைசா கிடைக்கவில்லை என்றும் சொல்லப்படுகிறது. தொழிற்சாலைக்குப் போகப்போகும் நாம் நினைவில் வைக்க வேண்டிய கதை!

கம்பி துணியில் தடம் பதிக்கிறது என்பது அப்போதே தெரிந்த குறைதான். 1932-ல் ஷைலர் ஹியூலட் என்பவர் கம்பியின் மேல் அட்டைக் குழாயைப் பொருத்தினார். 1935-ல் எல்மர் ராஜர்ஸ் கீழ்க்கம்பியில் குழாய் போட்ட ஹேங்கரைச் செய்தார். ஆக, நாங்கள் தொட்ட பிரச்சினை புதிதல்ல. எங்கள் அப்பா வண்டிக்கு மட்டும் அதற்கான தீர்வு வந்து சேரவில்லை.

துணி ஏன் உருமாறுகிறது?

இதை முதலில் எனக்குப் புரியவைத்தவர் என் அம்மா. ஒரு வேட்டித் துண்டையும் ஒரு பனியன் துண்டையும் கொடுத்து, "ரெண்டையும் இழுத்துப் பாரு கண்ணு" என்றார். வேட்டி நீளவாக்கிலோ அகலவாக்கிலோ இழுபடவில்லை. பனியன் எல்லாப் பக்கமும் வந்தது.

வேட்டி, சட்டைத் துணியெல்லாம் தறியில் நெய்தவை. பாவும் ஊடையும் குறுக்கும் நெடுக்குமாக நேராக ஓடுகின்றன. நேரான நூலை இழுத்தால் எவ்வளவு நீளும்? பனியனும் ஸ்வெட்டரும் பின்னியவை. ஒரு கண்ணிக்குள் இன்னொரு கண்ணி கோத்திருக்கிறது. இழுத்தால் நூல் நீளாவிட்டாலும் கண்ணியின் வடிவம் மாறுகிறது. கொஞ்ச நேரம் இழுத்து விட்டால் திரும்பி வரும். ராத்திரி முழுக்க இழுத்தபடி காய்ந்தால், காய்ந்த வடிவத்திலேயே நின்றுவிடும்.

இதோடு மூன்று விஷயங்கள் சேர்கின்றன.

முதலாவது, ஈரம். மளிகைக்கடைத் தராசில் நிறுத்துப் பார்த்தோம். காய்ந்தபோது 200 கிராம் இருந்த டீ-ஷர்ட், கையால் பிழிந்த பிறகு சுமார் 400 கிராம். பிழியாமல் எடுத்தால் 600 கிராமுக்கு மேல். இன்னொன்றும் உண்டு. பருத்தி நூல் நனைந்தால் வலுக்கூடும், கம்பளி நூலோ நனைந்தால் வலு குறையும். நனைந்த ஸ்வெட்டர் தன் எடையாலேயே கெடுவது இதனால்தான்.

இரண்டாவது, அழுத்தம். நனைந்த ஸ்வெட்டர் 800 கிராம் என்று வையுங்கள். ஒரு தோளுக்கு 400 கிராம். கம்பியின் தடிமன் 2 மில்லி மீட்டர், துணி படும் நீளம் 10 சென்டி மீட்டர் என்றால் பரப்பு 2 சதுர சென்டி மீட்டர். ஒரு சதுர சென்டி மீட்டருக்கு 200 கிராம்! அதே எடை இரண்டரை சென்டி மீட்டர் அகலத்தில் உட்கார்ந்தால் பரப்பு 25 சதுர சென்டி மீட்டர். அழுத்தம் வெறும் 16 கிராம், அதாவது பன்னிரண்டில் ஒரு பங்கு. பள்ளிக்கூடத்தில் ஆணியின் கூர்முனைக்குச் சொன்ன அதே பாடம்.

மூன்றாவது, அளவு. ஒரு ஞாயிற்றுக்கிழமை வண்டிக்கு வந்த 62 உருப்படிகளின் தோள் அளவை இன்ச் டேப்பில் எடுத்தோம். குழந்தைச் சட்டை 27 செ.மீ. பெரிய ஆள் சட்டை 49 செ.மீ. பெரியவர்களின் உருப்படிகளில் பெரும்பாலானவை 38-க்கும் 47-க்கும் நடுவில். வண்டியில் இருந்த கம்பி ஹேங்கர்களோ எல்லாம் ஒரே அளவு, 40 செ.மீ. சின்னச் சட்டையில் ஹேங்கர் முனை கைக்குள் புகுந்து முட்டுகிறது. பெரிய சட்டையில் முனை தோளின் பாதியிலேயே நின்றுவிட, மிச்சம் சரிந்து தொங்குகிறது. இரண்டிலும் கொம்புதான்!

அப்பா ஒரே வரியில் சொன்னார்: "துணிக்கு எலும்பு கெடையாது கண்ணு. நாமதான் எலும்பு குடுக்கோணும்." எங்கள் ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டின் முதல் பக்கம் இதுதான்.

கணக்குக்கு வருவோம்

அளவு மாறும் ஹேங்கர் என்றால் கை நீள வேண்டும். நடுவில் கொக்கியில் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் நீளும் கை, நாம் ஸ்ட்ரென்த் ஆஃப் மெட்டீரியல்ஸில் படித்த கேன்டிலீவர் பீம்தான். பரீட்சைக்கு மனப்பாடம் செய்த அந்தச் சூத்திரத்தை எடுத்தோம். முனையில் எடை இருந்தால்,

தாழ்வு = எடை × நீளத்தின் மும்மடிப் பெருக்கு ÷ (3 × யங்ஸ் மாடுலஸ் × மொமென்ட் ஆஃப் இனர்ஷியா)

நீளம் ஒன்றரை மடங்கானால் தாழ்வு ஒன்றரை மடங்கு ஆகாது. 1.5 × 1.5 × 1.5 = கிட்டத்தட்ட 3.4 மடங்கு! அளவு மாறும் ஹேங்கரில் இதுதான் பெரிய சிக்கல். சின்னச் சட்டைக்கு விறைப்பாக நிற்கும் கை, பெரிய சட்டைக்கு நீட்டியதும் தொங்கிப்போகும். அதனால் முழுக்க நீட்டிய நிலைக்குத்தான் கணக்குப் போட வேண்டும்.

கையின் நீளம் 225 மில்லி மீட்டர், முனையில் 4 நியூட்டன் (சுமார் 400 கிராம்) என்று வைத்துப் போட்டோம். முனையிலேயே முழு எடையும் இருப்பதாக எடுத்தது மிக மோசமான நிலைக்காக.

2 மி.மீ. இரும்புக் கம்பி: சுமார் 97 மி.மீ. தாழ்வு.
3 மி.மீ. இரும்புக் கம்பி: சுமார் 19 மி.மீ.
20 மி.மீ. பி.வி.சி. குழாய் (சுவர் 1.5 மி.மீ.): சுமார் 1.3 மி.மீ.
12 மி.மீ. அலுமினியக் குழாய் (சுவர் 1 மி.மீ.): சுமார் 0.4 மி.மீ.

பார்த்தீர்களா? கம்பியின் விட்டம் ஒன்றரை மடங்கானதும் விறைப்பு ஐந்து மடங்கு கூடிவிட்டது. ஏனென்றால் உருண்டைக் கம்பியின் மொமென்ட் ஆஃப் இனர்ஷியா விட்டத்தின் நான்மடிப் பெருக்கில் ஏறுகிறது. பி.வி.சி.யின் யங்ஸ் மாடுலஸ் இரும்போடு ஒப்பிட்டால் மிகமிகக் குறைவு. இரும்புக்கு 200 என்றால் பி.வி.சி.க்கு 3 தான். ஆனாலும் குழாயாக இருப்பதால் ஜெயித்துவிட்டது! பொருளின் பலம் பாதி, வடிவத்தின் பலம் பாதி. கடையில் விற்கும் கம்பி ஹேங்கர் இந்த அளவுக்குத் தொங்காததற்குக் காரணம், கீழே ஒரு கம்பி ஓடி முக்கோணமாகக் கட்டியிருப்பதுதான். நீளும் கைக்கு அந்த வசதி இல்லை.

அலுமினியம் நன்றாக இருந்தாலும் விலை கூடுதல். எலக்ட்ரிக்கல் கடையில் கிடைக்கும் பி.வி.சி. பைப்பை எடுத்துக்கொண்டோம். துரு என்ற பேச்சே இல்லை.

செய்த விதம்

நடு உடம்புக்கு 25 மி.மீ. பைப், அதற்குள் போய்வரும் இரண்டு கைகளுக்கு 20 மி.மீ. பைப். நடு பைப்புக்குள் மணலை இறுக நிரப்பி, சூடு காட்டி, இரண்டு பக்கமும் சரியும்படி வளைத்தோம். மணல் இல்லாமல் வளைத்தால் பைப் நசுங்கும். முதல் இரண்டு பைப்பை நசுக்கித்தான் இதைக் கற்றுக்கொண்டோம்!

எத்தனை டிகிரி சரிவு? மனிதத் தோளின் சரிவு ஆளுக்கு ஆள் மாறும். என்ன அளவு வைப்பது என்று எங்களுக்குள் தகராறு. ஒரு நாள் மாலை அப்பாவிடம் கேட்டேன். அவர் ஒரு சட்டையை மேசையில் விரித்து, தோள் தையல் மேல் உள்ளங்கையைச் சாய்த்து வைத்து, "இப்படி இருந்தா எல்லாருக்கும் உக்காரும்" என்றார். அவர் கை அசையாமல் இருக்க, பக்கத்தில் ப்ரொட்ராக்டரை வைத்துப் பார்த்தேன். 20 டிகிரி. பிறகு பத்துச் சட்டைகளை அளந்தோம். எல்லாம் அதற்கு ஒன்றிரண்டு டிகிரி முன்னே பின்னே.

கையை நிறுத்தும் பூட்டுக்கு முதலில் ஒரு போல்ட்டும் நட்டும் போட்டோம். மரையில் துணி மாட்டி நூல் பிரிந்தது. துணியைக் காக்க வந்த ஹேங்கர் துணியைக் கிழிக்கலாமா? அதைக் கழற்றி எறிந்தோம். அப்புறம் பழைய குடையைப் பிரித்தபோது வழி கிடைத்தது. குடை விரிந்ததும் நிறுத்துகிறதே, அந்த ஸ்பிரிங் பொத்தான்! அதையே கைக்குள் வைத்து, நடு பைப்பின் அடிப்பக்கத்தில் ஒரு சென்டி மீட்டருக்கு ஒன்றாகத் துளை போட்டோம். அமுக்கி இழுத்தால் அடுத்த துளையில் டக்கென்று உட்காரும். மேல்பக்கத்தில் எதுவும் நீட்டிக்கொண்டிருக்காது.

எங்கள் ஹேங்கர் மூடியபோது 32 செ.மீ., விரித்தபோது 45 செ.மீ. இரண்டு பக்கத் துளைகளுக்கும் எண் போட்டோம். இடது பக்கம் 4 என்றால் வலது பக்கமும் 4. இல்லாவிட்டால் ஹேங்கர் ஒரு பக்கம் சாய்ந்துவிடும்.

இங்கே ஒரு பாடம் கற்றோம். கணக்குப்படி முனை 1.3 மி.மீ. தான் தாழ வேண்டும். மாட்டிப் பார்த்தால் அதைவிட 4 அல்லது 5 மி.மீ. கூடுதலாகத் தாழ்ந்தது. பைப் வளையவில்லை, பொருத்தில் இருந்த லொடலொடப்பு. இரண்டு பைப்புக்கும் நடுவில் 1.4 மி.மீ. இடைவெளி. உள்ளே இருப்பது 4 செ.மீ., வெளியே நீட்டியிருப்பது 13 செ.மீ. உள்ளே ஆடும் சின்ன ஆட்டம் முனையில் மூன்று மடங்குக்கு மேல் பெரிதாகிறது. முதலில் இன்சுலேஷன் டேப் சுற்றினோம். ஒரு வாரத்தில் பிசின் கசிந்து உரிந்துவிட்டது. பிறகு பழைய ப்ளாஸ்டிக் ஃபைல் அட்டையைப் பட்டையாக வெட்டி ஒட்டி, இடைவெளியை அடைத்தோம். இப்போது ஆட்டம் மிகக் குறைவு. சூத்திரம் சொல்லாததைக் கை சொல்லும் நண்பர்களே! ஒர்க்‌ஷாப் வகுப்பைக் கட் அடிக்காதீர்கள்.

கைகளின் மேல், ஏ.சி. பைப்புக்குப் போடும் கறுப்பு நுரைக் குழாயை மாட்டி, அதற்கு மேல் வெள்ளை பனியன் வேஸ்ட் துணியில் உறை தைத்தோம். தைத்தது என் அம்மா. தோளில் உட்காரும் அகலம் இதனால்தான் கிடைக்கிறது. கொக்கிக்கு 4 மி.மீ. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பி. எந்தப் பக்கமும் சுழலும்.

பயன்படுத்தும் முறை

உங்கள் வீட்டில் எங்கள் ஹேங்கர் இருக்காது. ஆனாலும் இந்த விதிகள் எந்த ஹேங்கருக்கும் பொருந்தும்.

1. ஹேங்கர் முனை தோள் தையலுக்கு ஒரு சென்டி மீட்டர் உள்ளே நிற்க வேண்டும். தையலைத் தாண்டக் கூடாது.

2. டீ-ஷர்ட்டுக்கு ஹேங்கரைக் கழுத்து வழியாகத் திணிக்காதீர்கள். கழுத்து ரிப் தளர்ந்துபோகும். அடிப்பக்கமாக விட்டுக் கொக்கியை மட்டும் கழுத்தில் எடுங்கள்.

3. காலர் சட்டைக்கு மேல் பட்டனைப் போட்டுவிட்டு மாட்டுங்கள். இரண்டு பக்கமும் சமமாக நிற்கும்.

4. ஈரத்துணியைத் துருப்பிடிக்கும் கம்பியில் மாட்டாதீர்கள்.

5. நனைந்த ஸ்வெட்டரை எந்த ஹேங்கரிலும், எங்கள் ஹேங்கரிலும்கூட, மாட்டாதீர்கள். பாயில் விரித்துத்தான் காயவைக்க வேண்டும். தோளைக் காப்பாற்றலாம், ஆனால் தன் எடையால் கீழே நீள்வதை எந்த ஹேங்கரும் தடுக்காது.

குறைகளும் உண்டு

எங்கள் ஹேங்கர் ஒன்றுக்கு 60 ரூபாய் வரை ஆயிற்று. கம்பி ஹேங்கரின் விலையோடு போட்டி போட முடியாது. தடிமனாக இருப்பதால் ஒரு கம்பியில் பத்து மாட்டும் இடத்தில் ஐந்துதான் மாட்டலாம். 32 செ.மீ.க்குக் குறைந்த குழந்தைச் சட்டைக்கு உதவாது. இரண்டு கையையும் தனித்தனியே இழுக்க வேண்டியிருக்கிறது. நடுவில் ஒரு பினியனும் இரண்டு ரேக்கும் வைத்தால், ஒரு கையை இழுக்கும்போது மறு கையும் அதே அளவு தானாக வரும். செலவுக்குப் பயந்து விட்டுவிட்டோம். அடுத்த ஆண்டு வரும் தம்பி தங்கைகள் யாராவது அதை எடுத்துச் செய்யுங்கள். எங்கள் ட்ராயிங்கைத் தருகிறோம்.

ரிவியூ அன்று

ப்ராஜெக்ட் ரிவியூவில் வெளியிலிருந்து வந்த எக்ஸாமினர் சார் ஹேங்கரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இந்த 20 டிகிரி எங்கிருந்து எடுத்தீங்க? எந்த புக்?" என்றார்.

கொஞ்ச நேரம் விழித்தேன். அப்புறம், "எங்க அப்பா கை சார்" என்றேன். அப்பா என்ன வேலை செய்கிறார் என்பதைக் கல்லூரியில் அதுவரை நான் யாரிடமும் வாய் திறந்து சொன்னதில்லை. அன்று சொன்னேன். இஸ்திரி வண்டி, ஸ்வெட்டர், 85 உருப்படி, எல்லாமே சொன்னேன். சார் சிரிக்கவில்லை. "ரிப்போர்ட்ல நன்றி சொல்ற பக்கத்துல அப்பா பேரைப் போட்டியா?" என்று கேட்டார். போடவில்லை. அன்று மாலையே அந்தப் பக்கத்தை மாற்றி டைப் அடித்தோம்.

இப்போது அப்பா வண்டியில் எங்கள் ஹேங்கர் ஆறு தொங்குகிறது. போன மாதம் அதே ஆசிரியை அம்மா, ஊட்டி போய்வந்து, மறுபடியும் ஒரு ஸ்வெட்டர் கொடுத்தார். மாலையில் வீட்டுக்குப் போனால், அப்பா அதைப் பாயில் விரித்து, நாலு மூலையும் தட்டி நேராக்கிக்கொண்டிருந்தார்.

"ஏம்ப்பா, நம்ம ஹேங்கர் இருக்குதுல்ல?" என்றேன்.

"நீதான கண்ணு சொன்னே, ஈர ஸ்வெட்டர மாட்டக் கூடாதுன்னு. காயட்டும், அப்பறம் மாட்டிக்கலாம்" என்றார்.

தப்பு யாருடையது என்று அப்பா கேட்டாரே, அதற்கும் அன்று பதில் சொன்னேன். "பாதி ஹேங்கரோடது. மீதி, ஈரத்தோட மாட்டுனது. நமக்கு யாரும் அதச் சொல்லித் தரலப்பா." அப்பா தலையை ஆட்டிவிட்டு, ஸ்வெட்டரின் கையை இன்னொரு முறை நேராக்கினார்.

நண்பர்களே, ப்ராஜெக்ட் தலைப்புத் தேடி எங்கெங்கோ அலைகிறோம். ஒரு நாள் உங்கள் அப்பா, அம்மா வேலை செய்யும் இடத்தில் போய் உட்கார்ந்து பாருங்கள். அங்கே எது உடைகிறது, எது வலிக்கிறது, எதற்கு அவர்கள் கைக்காசு போகிறது என்று பாருங்கள். தலைப்பு அங்கேயே கிடைக்கும்!